உலர்துறையில் சாகும் படகுகள்

2006ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் திகதி, பிரெஞ்சுப் பொலினீசியாவின் துவாமோட்டுத் தீவுக்கூட்டத்திலுள்ள ரங்கிரோவா என்ற பவளத்தீவின் பாறைத்திட்டில் ஒரு பழைய பாய்ப்படகு மோதி ஏறியது. அதன் மரவுடல் பிளந்தது. அலைகள் அதனைப் பவளப்பாறையின்மீது புரட்டி எடுத்தன. சாதாரண படகாக இருந்திருந்தால் அச்செய்தி உள்ளூர்ப் பத்திரிகையொன்றின் மூலையில் நான்கு வரிகளோடு முடிந்திருக்கும். ஆனால், அது 'ஜிப்சி மொத் 4'. பிரான்சிஸ் சிச்செஸ்டர் தனியொருவராக உலகைச் சுற்றிவந்த படகு.

1966 ஓகஸ்டில், 65 வயதை எட்டிக்கொண்டிருந்த சிச்செஸ்டர் இங்கிலாந்தின் பிளைமவுத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். 107 நாட்களில் சிட்னியை அடைந்தார். அங்கே படகின் அடிக்கட்டை மாற்றியமைக்கப்பட்டது. அந்நியத் துறையொன்றில் அப்படகு செப்பனிடப்பட்டது அப்போதே தொடங்கிவிட்டது எனலாம். 1967 மே 28ஆம் திகதி அவர் பிளைமவுத் திரும்பினார். அதே ஆண்டு ஜூலையில் எலிசபெத் மகாராணியார், முதலாம் எலிசபெத் பிரான்சிஸ் டிரேக்கிற்குப் பயன்படுத்திய வாளினாலேயே அவருக்கு 'சேர்' பட்டம் வழங்கினார்.

அதன்பின் அப்படகுக்கு நிகழ்ந்ததுதான் நாம் சிந்திக்க வேண்டியது. 1968இல் அதனைக் கிறீனிச்சில், 'கட்டி சார்க்' கப்பலின் அருகே, உலர்துறை ஒன்றில் நிறுத்தினார்கள். கடலைப் பார்க்கவே முடியாத அத்துறையில், மழையும் வெயிலும் படப்பட, பார்வையாளர்களின் காலடிகள் அதன் மேற்றளத்தை மிதித்துத் தேய்த்தன. பின்னர் பார்வையாளர்களுக்கும் படகு மூடப்பட்டது. ஆண்டுகள் செல்லச்செல்ல அது உக்கத் தொடங்கியது. உலகப் பெருங்கடல்களின் சீற்றத்தைத் தாங்கிய மரவுடலை, மரியாதை என்ற பெயரால் நாம் கொடுத்த ஓய்வு தின்றுவிட்டது.

2004இல் ஒரு பவுணுக்கும், சிச்செஸ்டருக்குப் பிடித்தமான பானமாகிய ஒரு குவளை ஜின் அன்ட் டொனிக்கிற்கும் அது கைமாறியது. அதனைக் கட்டிய கொஸ்போட் நகரத் துறையிலேயே செப்பனிடப்பட்டு 2005 ஜூனில் மீண்டும் நீரில் இறங்கியது. இரண்டாவது உலகப் பயணத்தில், வாய்ப்புகள் குறைந்த இளைஞர்களும் முறைவைத்து அதில் ஏற்றப்பட்டனர். அந்தப் பயணத்தில்தான் ரங்கிரோவாவின் பாறை குறுக்கிட்டது.

இத்தகைய அரும்பொருளைக் கடலில் விட்டது தவறல்லவா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். இழந்தால் மறுபடி கிடைக்காத ஒன்றை அலையின் வாயில் கொடுப்பது அறிவுடைமை ஆகுமா? ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். பாறையிலிருந்து இழுக்கப்பட்ட படகின் காயத்தைப் பலகைகளால் தற்காலிகமாக மூடித் தாகித்திக்குக் கொண்டு சென்றார்கள். அங்கிருந்து நியூசிலாந்தின் ஒக்லாந்துக்குக் கப்பலில் ஏற்றினார்கள். ஒக்லாந்துத் துறைத் தொழிலாளர், பிளந்த பகுதியை வெட்டியெடுத்துப் புது மரத்தைப் பொருத்தினர். மெல்லிய மரத் தகடுகளை அடுக்கடுக்காக ஒட்டி உருவாக்கிய உடல் அது. அதன் வளைவு பிசகாமல் பழையதோடு புதியதைச் சேர்ப்பது இலகுவான காரியமன்று. 2006 ஜூன் மாதத்திலேயே படகு மீண்டும் பாய் விரித்தது. 2007 மே 28ஆம் திகதி, சிச்செஸ்டர் திரும்பிய அதே நாளில், நாற்பது ஆண்டுகள் கழித்துப் பிளைமவுத்தை அடைந்தது.

பாறையில் பட்ட அடி சில வாரங்களில் ஆறியது. உலர்துறையில் பட்ட அடியோ, எவரும் கவனிக்காமல், பல ஆண்டுகளாகப் புரையோடியது. எது பெரிய ஆபத்து என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

இதற்கு இன்னொரு சாட்சி 'சுஹைலி'. பம்பாயில் இந்தியத் தச்சர்களின் கைகளால் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட 32 அடிப் படகு. 1968 ஜூனில் புறப்பட்டு 1969 ஏப்ரலில் திரும்பிய றொபின் நொக்ஸ் ஜோன்ஸ்ரன், எங்கும் தரிக்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதரானது இதில்தான். வழியில் பலகை இணைப்புகளினூடாக நீர் புகுந்தபோது அவர் கடலுக்குள் குதித்து, மூச்சடக்கி, பஞ்சுத் திரியைத் திணித்து அடைத்தார். பிற்காலத்தில் அப்படகு கிறீனிச் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அங்கே வறண்ட காற்றில் அதன் பலகைகள் சுருங்கத் தொடங்கின. பெரும் புயல்களைக் கடந்து வந்த தேக்கு, குளிரூட்டிய மண்டபத்தில் வெடித்தது! உரிமையாளரே அதனை வெளியே எடுத்து, தம் கைகளாலேயே பழுது நீக்கினார். 2018 ஜூனில் பல்மவுத் துறையில் அவரே சுக்கான் பிடிக்க, 'சுஹைலி' மீண்டும் பாய் விரித்தது.

பழைய படகைச் செப்பனிடுவது கையைக் கடிக்கும் வேலை என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு பலகையைக் கழற்றினால் அதன் பின்னால் உக்கிய வங்கு தெரியும். வங்கைத் தொட்டால் துருப்பிடித்த ஆணி கழன்று விழும். அந்நிய நாட்டுத் துறையில் என்றால் நாள் வாடகையும் சேர்ந்துகொள்ளும். வாங்கிய விலையை விடப் பழுதுபார்த்த செலவு மிஞ்சுவது இத்துறையில் வழமை. பலகையும் ஆணியும் பாயும் மாறிய பின்னர் அது பழைய படகுதானா என்ற கேள்வியும் உண்டு. என்னைக் கேட்டால், பழைய படகு என்பது மரம் மட்டுமன்று. அந்த மரத்தை வளைக்கவும் பொருத்தவும் தெரிந்த கைகளும் அதன் ஒரு பகுதியே. ஒவ்வொரு பழுதுபார்த்தலும் அந்தக் கைகளுக்கு ஒரு பாடம். செப்பனிடுவது நின்றுபோனால் முதலில் அழிவது படகு அல்ல, அறிவு.

இதனை நான் எங்கோ வாழும் வெள்ளையரின் படகுகளுக்காக மட்டும் எழுதவில்லை. வல்வெட்டித்துறையில் நம்மவர் கட்டிய 'அன்னபூரணி'யை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கினார். தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதனைச் செங்கடல், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் கடந்து ஓட்டிச் சென்றனர். 1938 ஓகஸ்டில் அது மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. பெருமையோடு இதனை மேடைகளில் சொல்கிறோம், மலர்களில் எழுதுகிறோம். சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. இயந்திரக் கப்பல்களின் வரவும், கடல் வணிகத்தின் மீதான கட்டுப்பாடுகளும், பின்னர் போரும் சேர்ந்து அந்தக் கரையில் கப்பல் கட்டும் தொழிலை முடித்துவைத்தன. பெயர் எஞ்சியது. ஏராக்கட்டை இட்டு, வங்கு நிறுத்தி, கலப்பற்று அடித்த ஓடாவிகளின் கைப்பழக்கம் எஞ்சவில்லை.

நினைவுச்சின்னம் அமைப்பது எளிது. ஒரு சீமெந்து மேடையும் ஒரு கல்வெட்டும் போதும். ஆனால் அது கிறீனிச் உலர்துறையைப் போன்றதே. புலம்பெயர் நாடுகளில் வசதியோடு வாழும் நம்மவர் ஊருக்கு ஏதேனும் செய்ய விரும்பினால், கரையோரத்தில் எஞ்சியிருக்கும் முதிய ஓடாவிகளைத் தேடிச் செல்லட்டும். அவர்கள் அறிந்ததை எழுதி வைக்கட்டும். அவர்கள் அருகில் நான்கு இளைஞர்களை இருத்தி, ஒரேயொரு பழைய மரப்படகைச் செப்பனிட்டு நீரில் இறக்கட்டும். அது சிறியதாக இருக்கலாம்; ஒழுகவும் செய்யலாம். ஒழுகினால் அடைக்கத் தெரிந்த நான்கு பேர் அப்போது ஊரில் இருப்பார்கள்.