பாஸ் அவுட் ஆனா மயக்கமா?

போன வாரம் சித்தி பையன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தான். என்னடா ஆச்சுன்னு கேட்டா, போன்ல இன்டர்வியூவாம். எதிர்முனையில ஒரு அமெரிக்கர். இவன் "ஐ பாஸ்ட் அவுட் இன் 2022"ன்னு சொல்லியிருக்கான். அவர் சிரிச்சுக்கிட்டே "இப்ப தெளிஞ்சிடுச்சா?"ன்னு கேட்டிருக்கார். அதுக்கப்புறம் பயபுள்ளைக்குத் தெரிஞ்ச பதிலும் தொண்டையிலேயே நின்னு போச்சு. "எனக்கு இங்கிலீஷே வராதுண்ணே"ங்கறான்.

இங்கதாங்க எனக்குக் கோபம் வருது.

அமெரிக்காவுல பாஸ் அவுட்னா பேச்சுவழக்குல மயங்கி விழறது. ஓவரா சரக்கடிச்சு மட்டையாகறதும் அதுதான். பின்னாடி ஒரு பொருளைச் சேர்த்தா கதையே வேற: 'பாஸ் அவுட் த பேப்பர்ஸ்'னா தாளை எல்லாருக்கும் கொடுக்கறது. நம்ம ஊர்லயோ காலேஜ் முடிக்கறது.

இது நாம உளறினதான்னா, இல்லவே இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்துல பயிற்சி முடிச்சு வெளிய வர்றதுக்கும் பாஸ் அவுட்னுதான் சொல்லுவாங்க. நம்ம பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில பயிற்சி முடியறப்ப நடக்கறது பாஸிங் அவுட் பரேட்தான். அங்க மயங்கி விழறதுக்கா அணிவகுப்பு நடத்தறாங்க?

தமிழ் கத்துக்கற வெள்ளைக்காரர்கிட்ட "அவன் என்னைப் போட்டுக் கொடுத்துட்டான்"னு சொல்லிப் பாருங்க. எதைப் போட்டான், யாருக்குக் கொடுத்தான்னுதான் கேப்பார். உடனே 'உனக்குத் தமிழே வராது'ன்னா சொல்லுவோம்? பொறுமையா விளக்குவோம்ல? அந்தப் பொறுமை நம்ம பசங்களுக்கும் கிடைக்கணும்.

அதுக்காக 'நான் இப்படித்தான் பேசுவேன்'னு அடம் பிடிக்கச் சொல்லலை. வெளிநாட்டுக்காரங்ககிட்ட 'கிராஜுவேட்டட்'னு சொல்லுங்க, ரெஸ்யூமேலயும் அதையே எழுதுங்க. கேக்கறவருக்குப் புரியணும், அதுக்குத்தானே பேச்சு. ஆனா நம்மாளுங்களே, பாஸ் அவுட்னு ஒருத்தன் வாயைத் திறந்ததும் டிக்‌ஷனரியைத் தூக்கிட்டு வந்து நக்கல் அடிக்கறாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. ஒரு வார்த்தையைத் திருத்தறேன்னு ஒருத்தனோட வாயையே அடைச்சுட்டுப் போறது என்ன புத்திசாலித்தனம்?

தம்பிகிட்ட இதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப நான் சொன்னது தப்பில்லையாண்ணே?"

"தப்பில்லடா. ஆளு பார்த்துச் சொல்லணும், அவ்வளவுதான்."

அடுத்த வாரம் இன்னொரு இன்டர்வியூ இருக்காம். கண்டிப்பா போறேன்னு சொல்லியிருக்கான். எனக்கு அது போதும்.

டிஸ்கி: இந்தப் பதிவைப் படிச்சு யாராவது பாஸ் அவுட் ஆனா (எந்த அர்த்தத்துல வேணாலும் வச்சுக்கங்க) கம்பெனி பொறுப்பில்லை!