பெப்ரவரி 4உம் ஏப்ரல் 23உம்

தமது நாட்டுக்குரிய தினத்தைக் கொண்டாட ஒரு மக்கள் கூட்டம் தயங்குமாயின், அத்தயக்கத்துக்கு நன்றிகெட்டதனம் என்று பெயர் சூட்டிவிடுவது ஆட்சியாளருக்கு எளிது. பெப்ரவரி 4ஆம் திகதி அண்மிக்கும்போதெல்லாம் இந்நாட்டின் தமிழ் பேசும் மக்கள் மீது இப்பழி சுமத்தப்படுவது வழக்கமாகிவிட்டது. எம்மை ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆண்ட ஆங்கிலேயர், தமக்கே உரிய தினம் ஒன்றைக் கொண்டாடுவதா விடுவதா என்று இன்றுவரை தடுமாறி வருவதை இச்சந்தர்ப்பத்தில் எண்ணிப் பார்ப்பது பயனுள்ளதாகும்.

இங்கிலாந்தின் காவற் புனிதராகிய ஜோர்ஜின் திருநாள் ஏப்ரல் 23 ஆகும். மத்திய காலத்தில் பெருவிழாவாக இருந்த அது பிற்காலத்தில் மங்கிப்போயிற்று. புனித பத்திரிக்கின் நாள் வட அயர்லாந்தில் பொது விடுமுறை. ஸ்கொட்லாந்து புனித அந்திரேயாவின் நாளை 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வங்கி விடுமுறையாக்கிக்கொண்டது. இங்கிலாந்துக்கோ அத்தகைய விடுமுறை கிடையாது. வெண்மையில் செஞ்சிலுவை பொறித்த அதன் கொடியை நெடுங்காலமாகத் தீவிர வலதுசாரிக் குழுக்கள் தூக்கித் திரிந்தமையால், சாதாரண ஆங்கிலேயர் பலர் அதனை வீட்டு வாசலில் கட்டுவதற்கே கூச்சப்பட்டனர். 1996இல் நடைபெற்ற ஐரோப்பிய உதைபந்தாட்டப் போட்டி அக்கூச்சத்தை ஓரளவு போக்கியது. ஆயினும் 2025 கோடையில் விளக்குக் கம்பங்களெங்கும் அக்கொடி கட்டப்பட்டபோது, நாட்டுப்பற்று என்று சிலர் மகிழ, குடியேறி வந்தோர் தமக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கையோ என்று அஞ்சினர். துணி ஒன்றேதான்; கட்டிய கை எதுவென்பதைப் பொறுத்தே அதன் பொருள் மாறிற்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த ஜோர்ஜ் இங்கிலாந்தில் பிறந்தவருமல்லர், அங்கு கால் வைத்தவருமல்லர். மரபுரையின்படி அவர் இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவைச் சேர்ந்த குடும்பத்தவர். பலஸ்தீனத்தின் லித்தா நகரில் அடக்கஞ் செய்யப்பட்டவர். பெத்லகேமுக்கு அருகிலுள்ள அல்கழ்ர் என்னும் ஊரில் அவர் பெயரால் அமைந்த தேவாலயத்துக்கு முஸ்லிம்களும் செல்வர். அங்கு அவர் ஹிழ்ர் (அலை) அவர்களோடு ஒன்றாகக் கருதப்படுகின்றார். மார்க்க அறிஞர் அனைவரும் இதனை ஏற்பதில்லை என்பது வேறு விடயம். எமது கதிர்காமத்தில் முருகன் சந்நிதிக்குப் பக்கத்திலேயே ஹிழ்ர் (அலை) அவர்களின் பெயரோடு தொடர்புபட்ட பள்ளிவாசல் இருப்பதை வாசகர் அறிவர். இவ்வளவு பேருக்கு உரியவரான ஒருவரைச் சிலர் தமக்கு மட்டும் உரியவராக்கிக்கொண்டதே இங்கிலாந்தின் தடுமாற்றத்துக்கு மூலம்.

இனி எமது கதைக்கு வருவோம். இங்கிலாந்தில் கூச்சப்படுவது பெரும்பான்மை. இங்கு ஒதுங்கி நிற்பது சிறுபான்மை. இவ்வேறுபாடு சிறியதன்று. 1951இல் தேசியக் கொடி ஏற்றுக்கொள்ளப்பட்டபோது தமிழருக்கென ஒரு செம்மஞ்சள் கோடும் முஸ்லிம்களுக்கென ஒரு பச்சைக் கோடும் சேர்க்கப்பட்டன. சிங்கம் ஒரு கட்டத்துக்குள்ளும் கோடுகள் அதற்கு வெளியேயும் நின்றன. குழுவில் இருந்த செனட்டர் நடேசன் இதற்கு உடன்படவில்லை. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. மறு ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி தமிழரசுக் கட்சியின் அழைப்பின் பேரில் தமிழ்ப் பகுதிகள் சுதந்திர தினத்தைத் துக்க தினமாக அனுட்டித்தபோது, எமது மாவட்டத்தின் தலைநகராகிய திருகோணமலையில் கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற நடராசன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொடியொன்றுக்காக உயிர் போன மண்ணில் இருந்துகொண்டே நாம் இதனை எழுதுகின்றோம்.

முஸ்லிம்களின் கதை வேறு வழியில் சென்றது. டி.பி. ஜாயா தமது சமூகத்துக்கென நிபந்தனை எதனையும் விதிக்காமல் நாட்டின் சுதந்திரக் கோரிக்கையை ஆதரித்தவர். அவ்வழியில் வந்தோர் பெப்ரவரி 4இல் பள்ளிவாசல்களில் கொடியேற்றித் துஆப் பிரார்த்தனை செய்து வருகின்றனர். ஆனால் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் அதே சமூகம் தனது விசுவாசத்தை நாள்தோறும் நிரூபிக்கும்படி வற்புறுத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டு 73ஆவது சுதந்திர தினம் கொண்டாடப்பட்ட வேளையில், கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அடக்கஞ் செய்ய அனுமதி கிடைத்தது அம்மாத இறுதியிலேயாகும். அன்று கொடியேற்றியவரின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை எந்த மேடைப் பேச்சாளரும் கேட்டதில்லை.

தோப்பூரைச் சுற்றி ஒருமுறை பார்த்தால் இவ்விடயத்தின் சிக்கல் விளங்கும். இது முஸ்லிம் ஊர். பக்கத்தில் கிளிவெட்டியும் மேன்காமமும் தமிழ்க் கிராமங்கள். அப்பால் சேருநுவரவிலும் சோமபுரவிலும் சிங்கள மக்கள். 2006 ஆகஸ்டில் புலிகள் மூதூருக்குள் நுழைந்ததைத் தொடர்ந்து மூண்ட சண்டையில் மூதூர், தோப்பூர் முஸ்லிம்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்கு ஓடினார்கள். அதே ஆண்டில் படையினரின் ஷெல்லுக்குத் தப்பிச் சம்பூர்த் தமிழர் வாகரைக்கு ஓடினார்கள். அவர்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாகிப் பல ஆண்டுகள் மீளக் கிடைக்கவில்லை. ஒரே கொடி முன்னவருக்குத் திரும்பி வந்த பாதுகாப்பாகவும் பின்னவருக்குப் பறிபோன காணியாகவும் தோன்றியதில் வியப்பில்லை. இதனை உணராமல், முஸ்லிம்கள் அரசுக்குச் சலாம் போடுகிறார்கள் என்று தமிழரும், தமிழர் எதற்கும் முரண்படுகிறார்கள் என்று முஸ்லிம்களும் ஒருவரையொருவர் குறை கூறுவது அயலவருக்கு அழகல்ல.

தேசிய கீதத்தின் நிலையும் இதுவே. பண்டிதர் நல்லதம்பி தமிழாக்கிய பாடல் எமது பாடசாலைகளில் தலைமுறைகளாகப் பாடப்படுகின்றது. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலும் இடம்பெற்றிருக்கின்றது. எனினும் பிரதான சுதந்திர விழாவில் 2016இல் அது ஒலித்தபோது பலர் கண் கலங்கினர். 2020இல் அது நிறுத்தப்பட்டது. ஆட்சி மாறியதும் மீண்டும் இடம்பெற்றது. ஒரு ஜனாதிபதி தருவதும் இன்னொருவர் பறிப்பதுமாக இருந்தால் அது உரிமையாகாது, சலுகையே. இவ்விழாவில் இரு மொழிகளிலும் கீதம் இசைக்கப்பட வேண்டும் என்பதைப் பாராளுமன்றம் சட்டமாக்குவதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. வீடுகளில் கொடியேற்றுமாறு ஆண்டுதோறும் விடுக்கப்படும் வேண்டுகோளுக்கு முன்னதாக இச்சட்டம் வரட்டும்.

ஏப்ரல் 23ஐக் கற்றலோனியர் கொண்டாடும் முறையையும் இங்கு குறிப்பிட வேண்டும். அதே புனிதர், அதே நாள். ஆனால் பார்சலோனாத் தெருக்களில் மக்கள் ஒருவருக்கொருவர் புத்தகமும் ரோசாவும் வழங்கிக்கொள்கின்றனர். அங்கு எவரது விசுவாசமும் அன்று சோதிக்கப்படுவதில்லை.