உரிமம் கத்தரிக்கோலுக்கு, கையில் இருப்பதோ ஊசி

தலைநகரின் தூதரகப் பகுதிக்குச் சாணக்யபுரி என்று பெயர். அந்தச் சாணக்கியரின் நூலாகக் கருதப்படும் அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் அதிகரணம், கைத்தொழில் செய்வோரால் மக்களுக்குத் தீங்கு நேராமல் காப்பது பற்றிப் பேசித் தொடங்குகிறது. நெசவாளர், வண்ணார், பொற்கொல்லர் வரிசையில் அங்கே வைத்தியரும் வருகிறார். உயிருக்கு ஆபத்தான சிகிச்சையை முன்கூட்டி அறிவிக்காமல் செய்து நோயாளி இறந்தால் வைத்தியருக்கு ஒரு தண்டம். செய்முறைப் பிழையால் இறந்தால் அதனினும் பெரிய தண்டம். சிகிச்சை ஒரு தொழில் என்பதும், தொழிலைக் கண்காணிப்பது அரசின் கடமை என்பதும் அந்த நூலுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தன.

அவர் பெயரைச் சூட்டிக்கொண்ட தில்லியில் அந்தத் தெளிவு இல்லை. 2021இல் முப்பது வயது இளைஞர் ஒருவர், முடிமாற்று அறுவைக்குப் பின் கிருமித்தொற்று உடலெங்கும் பரவி இறந்தார். அந்த வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, தகுதியற்றவர்கள் அழகு நிலையங்களில் அறுவை செய்வதைத் தடுக்க வழிமுறை வேண்டும் என்று 2022இல் நீதிமன்றம் வலியுறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் நெறிமுறை வெளியிட்டது. முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு மருத்துவரே முடிமாற்று அறுவை செய்யலாம். பயிலரங்கில் கலந்துகொள்வதோ யூடியூபில் காணொளி பார்ப்பதோ பயிற்சியாகாது என்றது அது. ஒரு நாட்டின் உச்ச மருத்துவ அமைப்பு இதை எழுத்தில் சொல்ல நேர்ந்ததே நிலைமை எவ்வளவு சீர்கெட்டிருந்தது என்பதற்குச் சான்று.

தமிழ்நாடு இதற்கு விதிவிலக்கன்று. 2016இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ஒருவர் முடிமாற்று அறுவைக்குச் சென்று, இரண்டு நாளில் உயிரிழந்தார். அந்த இடத்துக்கு இருந்தது முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமமே என்று அப்போது செய்திகள் வெளியாயின. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழகம் 1997இலேயே இயற்றிவிட்டது. அதைச் செயல்படுத்தும் விதிகளோ 2018இல்தான் வந்தன. சட்டத்துக்கும் விதிக்கும் இடைப்பட்ட இருபத்தொரு ஆண்டு இடைவெளியில் விழுந்தது அந்த மாணவரின் உயிர். தில்லியில் இன்னமும் கைகொடுக்க வேண்டியிருப்பது 1953ஆம் ஆண்டின் மருத்துவமனைப் பதிவுச் சட்டம். படுக்கையில் நோயாளியைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சட்டம் அது. காலையில் வந்து மாலையில் திரும்பும் நாற்காலிச் சிகிச்சையை அது எண்ணிப் பார்த்ததில்லை.

இந்த வணிகத்தின் தந்திரம் எளியது. கட்டணம் கேட்கும்போது அது மருத்துவம்: வெள்ளை அங்கி உண்டு, ‘கிளினிக்’ என்ற பலகை உண்டு. பொறுப்பு கேட்கும்போது அது வெறும் அழகுக்கலை. ஆனால் உடலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. தலையிலிருந்து ஆயிரக்கணக்கான வேர்களை ஒவ்வொன்றாகத் துளையிட்டெடுத்து வேறிடத்தில் நடும் வேலை பல மணி நேரம் நீள்வது. மரத்துப்போகச் செலுத்தும் லிக்னோகெய்ன் உடல் எடைக்குரிய அளவை மீறினால் வலிப்பு வரலாம், இதயம் நிற்கலாம். அந்த நொடியில் தேவைப்படுவது உயிர்காக்கத் தெரிந்த மருத்துவர். தள்ளுபடிச் சீட்டு தந்த மேலாளர் அல்லர்.

பெண்களின் நிலை இன்னும் கொடிது. முகத்தில் திடீரென முடி அடர்வது சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறித் தொகுப்பின் அடையாளமாக இருக்கலாம். மாதவிடாய் ஒழுங்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் எட்டு அமர்வு லேசர் விற்பவர், நோயின் அறிகுறியை அழித்துவிட்டு நோயை வளரவிடுகிறார். மாநிறத் தோலிலுள்ள மெலனினும் லேசர் ஒளியை உறிஞ்சும். அலைநீளமும் ஆற்றலும் அறிந்து தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் மிஞ்சுவது தீக்காயமும் தழும்பும். விளம்பரத்தில் ‘நிரந்தர நீக்கம்’ என்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இக்கருவிகளுக்கு அனுமதிக்கும் சொல் ‘நிரந்தரக் குறைப்பு’ மட்டுமே. 1920களில் அதே அமெரிக்காவில் டிரிக்கோ நிலையங்கள் எக்ஸ் கதிரால் பெண்களின் முக முடியை வலியின்றி நீக்கின. புற்றுநோய் வந்தது ஆண்டுகள் கழித்து. அதற்குள் நிலையங்கள் மூடப்பட்டிருந்தன.

பொய் விளம்பரத்தைத் தடுக்கச் சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. வழுக்கையைக் குணப்படுத்துவதாகவோ புதிய முடியை வளர்ப்பதாகவோ எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாது என்கிறது 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை. தொலைக்காட்சியைப் போட்டால் அந்த அட்டவணை எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது விளங்கும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. உடல் அரசியல், அழகின் அதிகாரம், ஆண்மையின் நெருக்கடி என்று கருத்தரங்குகள் நடக்கின்றன. முடியை ஏன் விரும்புகிறார்கள் என்பது அங்கே விரிவாக அலசப்படுகிறது. ஊசியை யார் பிடித்திருக்கிறார், அவருக்கு உரிமம் கொடுத்தவர் யார் என்ற கேள்வி அந்த அலசலுக்குக் கீழான வேலையாகிவிட்டது. விளைவு, இறந்தவரின் ஆசை ஆய்வுப் பொருளாகிறது. கொன்ற அலட்சியம் கேள்வியின்றித் தப்புகிறது. அழகாயிருக்க விரும்பியது குற்றமன்று. திருமணச் சந்தையிலும் வேலை நேர்காணலிலும் தலையையும் முகத்தையும் பார்த்து மதிப்பிடும் சமூகம், அந்த ஆசைக்காக ஒருவரைப் பழிப்பது இரட்டை அநீதி.

வேண்டுவன புதிய தத்துவங்கள் அல்ல. தோலைத் துளைக்கும், சுடும் எந்தச் செய்முறையும் மருத்துவமே என்று சட்டம் வரையறுக்க வேண்டும். செய்பவரின் பெயரும் பதிவு எண்ணும் தகுதியும் வாசலில் எழுதப்பட வேண்டும். மயக்க மருந்து செலுத்தும் ஒவ்வோர் இடத்திலும் உயிர்காக்கும் கருவிகளும் அவற்றைக் கையாளத் தெரிந்தவரும் இருக்கிறார்களா என்று சோதிக்கப்பட வேண்டும். மரணமும் கடும் காயமும் பதிவாகி, ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். இவற்றை ஏற்காத நிலையம் கத்தரிக்கோலோடும் சீப்போடும் நிற்கட்டும். அது கண்ணியமான தொழில். ஊசியைத் தொட்டால் மருத்துவனுக்குரிய தண்டத்துக்கும் அது தலைவணங்கியாக வேண்டும்.