சொக்கை மாத்துறதுக்கு முன்னால ஒருக்கா குனிஞ்சு பாருங்க

எங்கட மாமா ஒரே வருஷத்துக்குள்ள முன் சொக் ரெண்டையும் மூன்று தரம் மாத்தினவர். மூன்றாம் தரம் மாத்திப்போட்டு வந்து, "இந்தமுறை நல்ல சாமான் புள்ள, இனிப் பயமில்ல" எண்டு சொன்னார். ரெண்டு மாசம் போகல்ல, இடப்பக்கச் சொக்கில எண்ணெய் ஒழுகத் தொடங்கிட்டு.

மாமாட வாகனம் பழைய மிற்சுபிசி எல்200. அறுகம்பேயில இருந்து குமணவுக்கு சபாரி ஓடுறவர். பின் பெட்டியில இரும்பு அடிச்சு, ஆறு பேருக்கு சீற் வச்சு, மேல கூரை போட்ட வண்டி. அது ஓடினாத்தான் லீசிங், மச்சாள்ட ரியூஷன், நான் கம்பஸுக்கு வெளிக்கிடக்குள்ள கைக்குள்ள பொத்தித் தாற ஆயிரம் ரூபா, எல்லாம். அதனால எங்கட வீட்டில 'சொக் போயிட்டு' எண்டா அது வெறும் வாகனக் கதை இல்ல.

போன லீவில நான் கேட்ட கேள்வி ஒண்டுதான்: இது எப்ப இருந்து? நான் படிக்கிறது வரலாறு. ஒரு சம்பவத்துக்குக் காரணம் தேடக்குள்ள, அதுக்கு முதல் என்ன மாறினது எண்டுதான் முதல்ல பாக்கச் சொல்லித் தந்திருக்கிறாங்க. மாமா யோசிச்சுப் போட்டுச் சொன்னார், "வண்டிய உயத்தினதுக்குப் பிறகுதான்."

அவர் ஆசைக்கு உயர்த்தினவர் இல்ல. வரிசையில நிக்கிற ஜீப்புகளில எது உயரமா நிக்குதோ அதிலதான் வாறவங்கட கண் போகுது. பக்கத்து ஜீப் ரெண்டு இஞ்சி எழும்பினா நம்மடதும் எழும்ப வேணும். முன்னால உயர்த்துறது சரியான லேசு. எல்200 மாதிரி வண்டிகளில முன்பக்கம் கொயில் ஸ்பிரிங்குக்குப் பதிலா டோர்ஷன் பார் எண்டு நீளமான உருக்குக் கம்பி இருக்கு. அது முறுகி முறுகித்தான் பாரத்தைத் தாங்குது. அதின்ட பின் நுனியில இருக்கிற போல்ற்றை இறுக்கினா முன்பக்கம் எழும்பும். ஒரு சாமானும் வாங்கத் தேவையில்ல, அரை மணித்தியால வேலை. பின்னுக்கு லீவ் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில ரெண்டு இஞ்சி இரும்புக் கட்டை. அவ்வளவுதான், ஜீப் ரெடி.

அதுக்குப் பிறகு வண்டி குதிக்கத் தொடங்கினது. பாணமை தாண்டி உகந்தைப் பக்கம் போற கிறவல் ரோட்டில ஒவ்வொரு குழிக்கும் முன்னால 'டக், டக்' எண்டு அடிக்கும். கராஜ் பாஸ் சொன்னது, "கம்பிய இறுக்கினதால ஸ்பிரிங் கல்லாயிட்டு, சொக் தாங்குதில்ல." கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அது பிழை. போல்ற்றை இறுக்கிறதால கம்பிட விறைப்பு கூடாது. அதே கம்பிதான், அதே தடிப்புத்தான். மாறினது சில்லு கீழ இறங்குறதுக்கு இருந்த இடம்.

டோர்ச் லைற்றோட வண்டிக்குக் கீழ படுத்துப் பார்த்தன். (ஜக்கில மட்டும் தூக்கி வச்சிட்டு உள்ள போகாதீங்க. ஸ்டாண்ட் வைக்காம மாமா என்னை விடவே இல்ல.) முன் சில்லைப் பிடிச்சிருக்கிற மேல் ஆர்முக்கு ஒரு ரப்பர் கட்டை இருக்கு. சில்லு குழிக்குள்ள இறங்கக்குள்ள ஆர்ம் அளவுக்கு மிஞ்சிக் கீழ போகாம அதுதான் தடுக்கும். வண்டி சும்மா சம நிலத்தில நிக்கக்குள்ள அந்த ரப்பருக்கும் சசிக்கும் இடையில இடைவெளி இருக்க வேணும். மாமாட வண்டியில ஒரு விரல் போகாது. அதாவது, நிக்கிற இடத்திலேயே சில்லு இறங்கக்கூடிய கடைசி எல்லைக்கு வந்திட்டு. பிறகு ஒவ்வொரு குழியிலயும் ஆர்ம் போய் அந்த ரப்பரில அடிக்குது, சொக்கும் தன்ட முழு நீளத்துக்கு இழுபட்டு உள்ளுக்குள்ள அடிபடுது. அதுதான் 'டக்'. இனி எந்த நாட்டுச் சொக்கைப் போட்டாலும் அது செத்துத்தான் போகும்.

மற்றதெல்லாம் இதோட வால் பிடிச்சு வந்ததுதான். சில்லுக்குப் போற அக்சில் சரிவாகி மூட்டில இருந்த ரப்பர் உறை கிழிஞ்சு, ரிம்முக்கு உள்பக்கம் முழுக்க கிறீஸ். உயரம் மாறினா அலைன்மென்டும் மாறும். அதைத் திரும்பச் செய்யாததால ரயரின்ட வெளி ஓரம் மட்டும் மொட்டையாப் போயிட்டு. 60இல போகக்குள்ள வந்த நடுக்கத்துக்கு ரெண்டு தரம் சில்லு பலன்ஸ் பண்ணினாங்க. உண்மையான காரணம் பின்னுக்கு வச்ச கட்டை. அதால புரொபெல்லர் ஷாஃப்ட் நிக்கிற கோணம் கூடிட்டு. கட்டையைச் சரிமட்டமா வெட்டாததால டிப்ரன்ஷலின்ட மூக்கும் கொஞ்சம் திரும்பி இருந்தது.

இதெல்லாம் காசுக் கதை. பிரேக் கதை வேற.

ஒருநாள் உகந்தை முருகன் கோயிலுக்குப் போன ஆக்களை ஏத்திக்கொண்டு திரும்பி வரக்குள்ள எருமைக் கூட்டம் ஒண்டு ரோட்டுக்குக் குறுக்க வந்தது. மாமா பிரேக் அடிக்க வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு, முன் சில்லு ரெண்டும் லொக் ஆகி, கிறவலில சறுக்கிச் சறுக்கிப் போய் நிண்டது. ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்ல. அடுத்த நாள் பிரேக் பாட் மாத்தினார். அதுக்கு முதல் மாசமும் மாத்தினதுதான்.

பிக்கப் வண்டிகளில பின் அச்சுக்கு மேல, சசியில ஒரு சின்ன வால்வு இருக்கும். அதில இருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். பாரம் ஏறினா சசி கீழ இறங்கும், கம்பி தள்ளுப்படும், வால்வு பின் பிரேக்குக்கு அமுக்கத்தைக் கூட்டிவிடும். பெட்டி வெறுமையா இருந்தா சசி எழும்பி நிக்கும். அப்ப பின் சில்லு லேசில லொக் ஆகும் எண்டதால வால்வு அமுக்கத்தைக் குறைக்கும். நல்ல யோசனைதான். ஆனா சசியையும் அச்சையும் ரெண்டு இஞ்சி விலத்தி வச்சா, அந்த வால்வுக்கு வண்டி எப்பவும் வெறுமையாத்தான் தெரியும். மேல ஆறு பேர் இருக்காங்க, வால்வு ஒருத்தரும் இல்ல எண்டு நினைச்சுப் பின் பிரேக்கைக் குறைச்சு விடுது. மாமாட வண்டியில அந்தக் கம்பியை ஒருத்தரும் தொடவே இல்ல, புழுதி பிடிச்சுப் போய்க் கிடந்தது. உயர்த்தின வண்டி வச்சிருக்கிற ஆக்கள் இதை வாசிச்சா, வேற ஒண்டும் பாக்காட்டியும் இதை மட்டும் பாருங்க. பிரேக் ஹோஸ், சில்லு முழுசா இறங்கக்குள்ள இழுபடுதா எண்டும் பாருங்க.

பாஸில முழுப் பிழையும் சொல்ல ஏலாது. பின்னேரம் ஐஞ்சு மணிக்கு வண்டியக் கொண்டு போய் விட்டு, "விடிய ட்ரிப் இருக்கு, எப்படியாவது ஓட வையுங்க" எண்டு சொல்லுற மனிசனுக்கு அவர் என்ன செய்யிறது? சொக் மாத்தினா நாலு நாளைக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா 'எது உடைஞ்சது' எண்டு மட்டும் கேக்கிற கராஜில, 'ஏன் உடைஞ்சது' எண்டு கேக்கிறதுக்குக் காசும் இல்ல, நேரமும் இல்ல. நான் ரப்பர் கட்டையைக் காட்டக்குள்ள அவர் சிரிச்சுப்போட்டு, "தங்கச்சி ஆர்ட்ஸ் எல்லா?" எண்டார். ஓம், ஆர்ட்ஸ்தான். விரல் போகுதா இல்லையா எண்டு பாக்கிறதுக்குப் பொறியியல் பீடம் தேவையில்லையே.

எனக்கு உண்மையில கோபம் வாறது உயர்த்துறதுட தேவையில. பின் அச்சு சில்லோட சேர்ந்த ஒரே துண்டு. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் டிப்ரன்ஷல் நிலத்தில இருந்து ஒரு நூல் கூட எழும்பாது. அது எழும்ப வேணுமெண்டா பெரிய ரயர்தான் போட வேணும். ரோட்டு நடுவில கிடக்கிற கல்லு முதல்ல முட்டுறது அந்த டிப்ரன்ஷலிலதான். ஏற்கெனவே ஆறு பேரை உச்சியில இருத்தி வச்சிருக்கிற வண்டியை இன்னும் ரெண்டு இஞ்சி உயர்த்தினா வளைவில சரியிற பயம்தான் கூடும். இதுக்கு நாங்களும் காரணம். எங்கட பச் ட்ரிப்பிலயும் "அந்த உயரமான ஜீப்ப எடுப்பம் மச்சான், போட்டோவுக்கு நல்லா இருக்கும்" எண்டு சொன்னவங்க இருக்காங்க. நானும் ஏறினனான்.

கடைசியில பின் கட்டையைக் கழட்டியாச்சு. முன்பக்கம், ரப்பருக்கும் சசிக்கும் இடையில ரெண்டு விரல் போற அளவுக்கு போல்ற்றைத் தளர்த்தி, அலைன்மென்ட் செய்து, கைநூலில இருந்த அளவுக்கு அந்த வால்வுக் கம்பியையும் பாஸே சரிபண்ணித் தந்தார். காசு வாங்கக்குள்ள, மற்ற ரெண்டு ஜீப்பிலயும் அந்தக் கம்பியைப் பாக்க வேணும் எண்டு சொன்னார். மாமாட ஜீப்புத்தான் இப்ப வரிசையில கட்டை. மற்ற ட்ரைவர்மார் பகிடி பண்ணுறாங்களாம். போன கிழமை போன் எடுத்துச் சொன்னார், "சத்தம் இல்ல புள்ள. ஆனா காலமைல எனக்கு முதல் ரெண்டு ஜீப் போயிருது."