இரண்டே அரைக்கால் அங்குல வீம்பு

சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: எஞ்சின் பெரியது, ஆகவே ஹெடர் குழாயும் பெரியதாக இருக்க வேண்டும். 1973-இலிருந்து 1987 வரை வந்த செவர்லே பிக்கப்பில் பழைய 350 ஸ்மால்-பிளாக்கை இறக்கிவிட்டு 454 பிக்-பிளாக் ஏற்றுகிறவர்கள் இரண்டே அரைக்கால் அங்குல, அதாவது 2⅛ அங்குலக் குழாய் கொண்ட நீள ஹெடரைத்தான் வாங்க வேண்டுமாம். அதைவிடச் சிறியது எதுவானாலும் எஞ்சினின் கழுத்தை நெரிப்பதாம். பெரிய வயிற்றுக்குப் பெரிய வாய் என்பது கட்டுரையாளர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு எண்ணைக்கூடப் போட்டுப் பார்க்காதவரை எந்த வாதமும் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

போட்டுப் பார்ப்போம். 454 கன அங்குலம் என்பது 7.4 லிட்டர். எட்டால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 56.75 கன அங்குலம். பந்தயக்காரர்களே வைத்திருக்கும் கைக்கணக்கு ஒன்று உண்டு: குழாயின் உள்பரப்பைச் சதுர அங்குலத்தில் எடுத்து, 88,200-ஆல் பெருக்கி, ஒரு சிலிண்டரின் கொள்ளளவால் வகுக்க வேண்டும். வருவது, அந்தக் குழாய் முறுக்குவிசைக்கு அதிகம் உதவும் சுற்று வேகம். அச்சுப் பிசகாத விஞ்ஞானம் இல்லை இது, ஆனால் திசையைச் சரியாகக் காட்டும். 16 கேஜ் தகட்டில் செய்த 2⅛ அங்குலக் குழாயின் உள்பரப்பு ஏறத்தாழ 3.13 சதுர அங்குலம். கணக்கு 4,850 சுற்றுக்கு அருகில் போய் நிற்கிறது. அதே தகட்டில் 1¾ அங்குலக் குழாய்க்கு 3,200. 1⅞ அங்குலத்துக்கு 3,700.

இனி எஞ்சினைப் பாருங்கள். 1990-இல் இதே நிறுவனம் பிக்கப்பில் வைத்து விற்ற 454, தன் உச்சத் திறனான 230 குதிரைத்திறனை 3,600 சுற்றில் தந்தது. உச்ச முறுக்குவிசையான 385 பவுண்டு-அடியை வெறும் 1,600 சுற்றில் தந்தது. கட்டுரையாளர் பரிந்துரைக்கும் குழாய், இந்த எஞ்சின் மூச்சு வாங்கி ஓய்ந்து ஆயிரம் சுற்றுக்கு அப்பால்தான் வேலைக்கு வருகிறது.

சாலையிலும் கதை அதுதான். 3.73 பின்னச்சு, 31 அங்குல டயர், டர்போ 400 கியர்பாக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்டிரைவ் கிடையாது, மூன்றாம் கியர் நேர் இணைப்பு. மணிக்கு 60 மைலில் எஞ்சின் ஓடுவது சுமார் 2,400 சுற்றில். பின்னால் படகோ குதிரை ஏற்றிய டிரெய்லரோ கட்டிக்கொண்டு மேடேறுகிறவர் 4,850-ஐத் தொடுவது எப்போது? கியர் நழுவினால் தொடலாம்.

இதற்கெல்லாம் பதிலாகக் கட்டுரையாளர் காட்டுவது 1970 செவல் காரின் எல்எஸ்6 எஞ்சினை. அதுவும் 454தானே, 450 குதிரைத்திறன் தரவில்லையா என்கிறார். தந்தது. அழுத்த விகிதம் 11.25-க்கு 1, சாலிட் லிஃப்டர், செவ்வகத் துளைத் தலைகள், உச்சத் திறன் 5,600 சுற்றில், அதுவும் அந்தக் காலத்து மொத்தக் கணக்கில், விசிறியும் சைலன்சரும் இல்லாமல் அளந்தது. பிக்கப்புக்கு வந்த 454-இன் அழுத்த விகிதம் 8-க்கு 1 அளவில், தலைகளில் இருப்பதோ சின்ன முட்டைத் துளைகள். வால்வு உறையில் ஒட்டியிருக்கும் எண் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒரே எஞ்சினாக நினைப்பது, அந்த ஸ்டிக்கரை ஒட்டியவர்கூடச் செய்யாத பிழை.

பேக் பிரஷர், அதாவது எதிரழுத்தம் பற்றி அவர் எழுதிய பத்திதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டியது, காரணம் அதில் பாதி உண்மை. பிக்கப்புக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும் என்று சொல்லும் பழைய மெக்கானிக்குகளைக் கிண்டல் செய்கிறார். கிண்டல் நியாயம்தான். எந்த எஞ்சினுக்கும் எதிரழுத்தம் தேவையில்லை. ஆனால் அந்த மெக்கானிக்குகள் கண்ணால் கண்டது பொய்யல்ல: பெரிய குழாய் போட்டதும் வண்டி கீழ்வேகத்தில் சோர்ந்தது. காரணத்தைத்தான் தவறாகச் சொன்னார்கள். குறைந்தது எதிரழுத்தம் அல்ல, புகையின் வேகம். குறுகலான குழாயில் புகை விரைந்து ஓடும். ஓடும் புகைக்குப் பின்னால் அழுத்தம் தாழும். அந்தத் தாழ்வு, வால்வு மூடும் முன் சிலிண்டரில் மிச்சமிருப்பதை உறிஞ்சி எடுக்கும். 2,000 சுற்றில் 2⅛ அங்குலக் குழாய்க்குள் புகை உலாப் போகிறது. போதாததற்கு, பிக்கப் கேம்ஷாஃப்டில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமே சொற்பம். உறிஞ்சக் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தையும் கெடுத்துக்கொள்ள ஒருவர் ஏன் நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டும்?

ஹெடரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செவர்லேயின் எரிவரிசை 1-8-4-3-6-5-7-2. இடப்பக்கத்தில் 5-உம் 7-உம் அடுத்தடுத்து வெடிக்கும், வலப்பக்கத்தில் 8-உம் 4-உம். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் இந்த ஜோடிகள் ஒன்றின் வாயில் ஒன்று ஊதிக்கொள்ளும். தனித்தனிக் குழாய் கொடுத்துப் போதிய தூரம் தள்ளிச் சேர்த்தால் அந்தச் சண்டை தீரும். நீள ஹெடரின் உண்மையான லாபம் இதுதான். இந்த லாபம் 1¾ அங்குலக் குழாயிலும் முழுசாகக் கிடைக்கும் என்பதைக் கட்டுரை ஒரு வாக்கியத்தில்கூடச் சொல்லவில்லை.

அவருடைய ஒரே சான்று ஒரு டைனோ வரைபடம். அது 3,500 சுற்றில் தொடங்குகிறது. அதற்குக் கீழே என்ன நடந்தது? எஞ்சின் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிக்கும் இடத்தை வெட்டிவிட்டு, எட்டிக்கூடப் பார்க்காத 6,000-ஐ வண்ணம் தீட்டிக் காட்டியிருக்கிறார். குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டர் திறந்தபடி, சைலன்சர் இல்லாமல் எடுத்த அளவு அது. அதே வண்டியில் பின்னால் இரண்டரை அங்குலக் குழாய்தான் போகிறது என்று அவரே வேறொரு பத்தியில் எழுதியிருக்கிறார். தன் கட்டுரையைத் தானே படித்திருந்தால் எனக்கு இந்த வேலை மிஞ்சியிருக்காது.

பொருத்துவது பற்றி அவர் சொன்னது ஒரே சொல்: சுத்தியல். இங்கேதான் வாசகர்கள் உண்மையாகவே பணத்தையும் வாரயிறுதிகளையும் இழக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஸ்மால்-பிளாக்குக்கும் பிக்-பிளாக்குக்கும் பிளாக்கிலுள்ள மவுண்ட் துளைகள் ஒன்றே, பெல் ஹவுசிங்கும் ஒன்றே. அதனால்தான் இந்த மாற்றம் எளிது என்ற பெயர் வந்தது. ஆனால் பிக்-பிளாக்கின் தலைகள் அகலம். இருபுறமும் இருந்த இடத்தை அவை தின்றுவிடுகின்றன. இடப்பக்கம் சட்டத்தில் ஸ்டியரிங் பெட்டியும் அதன் தண்டும். 1984 வரை வந்த மேனுவல் கியர் வண்டி என்றால் கிளட்ச்சை இயக்கும் குறுக்குத் தண்டும் அங்கேதான் வரும். வலப்பக்கம் அடியில் ஸ்டார்ட்டர். அதன் தலைமேல் சாலினாய்டு. கொதிக்கும் குழாய் அதை ஒட்டிப் போனால், பெட்ரோல் போட நிறுத்திய வண்டி திரும்பக் கிளம்பாது. சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குக்கும் குழாய்க்கும் நடுவே விரல் நுழையாவிட்டால் பிளக் வயர் கருகும். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் புரொப்பெல்லர் தண்டு வேறு. குழாயின் விட்டம் கூடக்கூட இந்த ஒவ்வொரு இடைவெளியும் சுருங்கும்.

சுத்தியலால் ஒரு குழிவு போட்டால் குதிரைத்திறன் கொட்டிப்போகும் என்று நான் அலறப்போவதில்லை. சின்னக் குழிவால் பெரிய நஷ்டமில்லை. சிக்கல் வேறு: எஞ்சின் அசையும். ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் பிக்-பிளாக், ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் இடப்பக்கம் மேலெழும். மவுண்ட் பழசானால் இன்னும் எழும். ரப்பர் பிரிந்து எஞ்சின் எழும்பியதற்காக 1971-இல் செவர்லே 66 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்த வரலாறு உண்டு. பட்டறையில் அசையாமல் நிற்கும்போது கால் அங்குல இடைவெளி பார்த்துச் சுத்தியலைக் கீழே வைப்பவர், அந்தக் குழாய் ஸ்டியரிங் தண்டில் உரசும் சத்தத்தை மேட்டில் கேட்பார்.

சட்டமும் ஒன்று உண்டு: கலிபோர்னியாவில் 1976-உம் அதற்குப் பிந்தியதுமான வண்டிக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் உள்ள ஹெடர்தான் புகைச் சோதனையில் தேறும். 1975-உம் அதற்கு முந்தியவையும் தப்பின. கட்டுரையில் இது பற்றி ஒரு எழுத்து இல்லை. அவர் பேசும் வண்டிகளில் பெரும்பாலானவை 1976-க்குப் பிந்தியவை.

என் தீர்ப்பு இது. பிக்கப்பிலிருந்து கழற்றிய 454-ஐப் பெரிதாக மாற்றாமல் ஏற்றினால் 1¾ அங்குலம், மூன்று அங்குலக் கலெக்டர். கேமையும் அழுத்த விகிதத்தையும் ஓரளவு கூட்டியிருந்தால் 1⅞. செவ்வகத் துளைத் தலையோடு 5,500-க்கு மேல் தினமும் விரட்டுகிறவர் மட்டும் இரண்டு அங்குலத்தையும் அதற்கு மேலானதையும் யோசிக்கட்டும். அவருக்குப் பிக்கப் எதற்கு என்பது தனிக் கேள்வி. ஃபிளாஞ்சு குறைந்தது ⅜ அங்குலத் தடிப்பு இருக்கட்டும், இல்லாவிட்டால் வளைந்து கேஸ்கெட்டை ஊதும். மேலே செராமிக் பூச்சு போடுங்கள். துணிப்பட்டி சுற்றாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயைத் துருவுக்குக் கொடுத்துவிடும். வாரம் முழுக்கச் சுமை இழுப்பவர், கட்டுரையாளர் இளப்பமாகப் பேசிய அந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டையே வைத்துக்கொண்டாலும் கேவலமில்லை. அது சத்தம் போடாது, ஒழுகாது, போல்ட் தளராது.

கடைக்குப் போகிறவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். எந்த ஹெடரை நீட்டினாலும், 2,000 சுற்றில் இது எத்தனை பவுண்டு-அடி தருகிறது என்று கேளுங்கள். பதில் 6,000-இல் தொடங்கினால் பர்ஸைத் திறக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.