சம சம்பளம்: பீலெஃபெல்ட் தமிழ்ப் பெண் தொழிலாளர்களின் நிலைப்பாடு

ஜேர்மனியில் 2024ஆம் ஆண்டு ஆண்களின் சராசரிச் சம்பளம் மணிக்கு 26.34 யூரோ, பெண்களுடையது 22.24 யூரோ. இடைவெளி 16 சதவீதம். ஒத்த தகுதி, ஒத்த தொழில், ஒத்த வேலைநேரம் உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டால் அது 6 சதவீதம்தான். அந்த 6 மட்டுமே அநீதி, மற்றதெல்லாம் பெண்களின் விருப்பம் என்ற வாதத்தை எமது அமைப்பு ஏற்கவில்லை. பெண்களை எந்த வேலையில், எத்தனை மணி நேரம் வைத்திருக்கிறார்கள் என்பதும் சம்பளப் பிரச்சினையே.

ராவென்ஸ்பெர்க் நூற்பாலைப் பெண்களின் உழைப்பில் வளர்ந்த நகரம் பீலெஃபெல்ட். இன்று இங்கே எம்மில் பலருக்குத் துப்புரவு வேலை. அத்துறையின் கூட்டு ஒப்பந்தப்படி 2026 ஜனவரி முதல் உள்துப்புரவுக்குக் குறைந்தது 15 யூரோ, கண்ணாடி, முகப்புத் துப்புரவுக்கு 18.40 யூரோ. அறையையும் கழிப்பறையையும் கழுவுவது பெரும்பாலும் பெண்கள், ஏணியில் நிற்பது பெரும்பாலும் ஆண்கள். அதற்குப் பயிற்சி வேண்டும் என்கிறார்கள். அந்தப் பயிற்சிக்கு எமது பெண்களை அனுப்புவது யார்?

குறைந்த சம்பளப் பகுதிநேர வேலையான மினிஜொப்பின் மாத உச்சவரம்பு 603 யூரோ. மணிக்கு 15 யூரோ என்றால் 40 மணி நேரத்தோடு அது முடிந்துவிடும். வேலையில்லாக் காப்புறுதி கிடையாது, பென்ஷனும் சொற்பம்.

2017ஆம் ஆண்டுச் சட்டம், சக ஊழியரின் சம்பள நிலையைக் கேட்டறியும் உரிமையை 200 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கே தந்தது. சிறு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு அது எட்டவில்லை. ஆண் ஊழியர் நன்றாகப் பேரம் பேசினார் என்பது கூடுதல் சம்பளத்துக்குக் காரணமாகாது என்று கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் 2023 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. பக்கத்தில் இருப்பவரின் சம்பளமே தெரியாதவர் அந்தத் தீர்ப்பை எப்படிப் பயன்படுத்துவார்?

ஆகவே நாம் கோருவது:

1. 2026 ஜூன் 7ஐக் கெடுவாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் சம்பள வெளிப்படைத்தன்மைப் பணிப்புரையைச் சிறு நிறுவனங்களுக்கு விலக்களிக்காமல் முழுமையாகச் சட்டமாக்க வேண்டும்.

2. மினிஜொப்புக்கும் முதல் யூரோவிலிருந்தே முழுச் சமூகக் காப்புறுதி வேண்டும்.

3. மணமானவர்களில் குறைவாக உழைப்பவர், பெரும்பாலும் மனைவி, சேர்க்கப்படும் வரி வகுப்பு 5ஐ நீக்க வேண்டும். மனைவியின் கையில் வரும் சம்பளத்தோடு, அதை வைத்துக் கணக்கிடும் பிள்ளைப்பேற்றுக் கால உதவித்தொகையையும் அது குறைக்கிறது.

எமது குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்றும் ஐந்தும் என்று வரி வகுப்பைப் பிரிக்குமுன் கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குப் பாருங்கள். நான்கும் நான்கும் என்ற வழியும் உண்டு. சம்பளத் துண்டில் உள்ள ஊதியப் பிரிவு நீங்கள் செய்யும் வேலைக்குப் பொருந்தாவிட்டால், அதைத் தொழிற்சங்கத்திடமோ எம்மிடமோ கொண்டுவாருங்கள்.