பிடாரிக்கு ஜாவாவில் உறவு



ஆடி பிறந்துவிட்டது. ஆரணித் தறிக்காரத் தெருக்களில் வெள்ளிக்கிழமை என்றாலே படவேடு ரேணுகாம்பாள் பேச்சுதான். அம்மன் மாதத்தில் ஊர் எல்லைப் பிடாரியைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோமே!

பிடாரி என்றால் அடங்காதவள் என்று வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டோம். கல்வெட்டுகளில் அவள் படாரி, மரியாதைக்குரிய பெயர். அதன் ஆண்பால் படாரர், பட்டாரகர். சிவனை ‘மகாதேவ படாரர்’ என்றார்கள். கழுகுமலைச் சமணக் கல்வெட்டில் ‘குணசாகர படாரர்’ என்றொரு முனிவர் வருகிறார். சைவம், சமணம் என்று பாராமல் புழங்கிய வடசொல் அது.

அதே சொல் கடலைத் தாண்டியும் போயிருக்கிறது. ஜாவா நிழற்கூத்தில் சிவன் ‘பட்டாரா குரு’. துர்க்கை ‘பட்டாரி துர்கா’. பாலித் தீவில் கோயில் தெய்வங்களையும், தெய்வமாகிவிட்ட முன்னோரையும் இன்றும் ‘பட்டாரா’ என்றே அழைக்கிறார்கள். இங்கே அந்த ஆண்பால் பெயர் பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் பூண்டி அருகர் கோயிலுக்குப் போகும் நம் நயினார் வீட்டாரைக் கேளுங்கள்: மேல்சித்தாமூர் சமண மடத்தின் தலைவர் அவர்களுக்கு இன்றும் பட்டாரகர்தான்.

வடசொல் வந்ததால் அங்கே சொந்தச் சொல் அழிந்துவிடவில்லை. தெய்வத்துக்கு ஜாவா, பாலி, சுண்டா மூன்று மொழிகளிலும் ‘ஹ்யாங்’ உண்டு. பாலி இந்துக்களின் பரம்பொருள் ‘சங் ஹ்யாங் விதி’. பாண்டுங் நகரைச் சூழ்ந்த சுண்டா மலைநாடு ‘பரஹ்யாங்ஙன்’, தெய்வங்களின் இருப்பிடம். எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று: ஜாவா முஸ்லிம்கள் தொழுகையைச் ‘செம்பஹ்யாங்’ என்கிறார்கள். செம்பா என்றால் வணக்கம். ஹ்யாங் அந்தப் பழைய தெய்வமே. உபவாசத்திலிருந்து வந்த ‘புவாசா’தான் அவர்கள் நோன்பு.

இதில் வியக்க என்ன இருக்கிறது என்று ஆரணி பாய்மார்கள் கேட்கக்கூடும். தொழுகை, நோன்பு என்று தமிழிலேயே சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். பள்ளிவாசலில் உள்ள ‘பள்ளி’யும் ஒருகாலத்தில் சமணர் இருப்பிடத்துக்கு வழங்கிய பெயரே.

உங்கள் ஊர் எல்லையில் பிடாரி இருக்கிறாளா? என்ன பெயரில்? பொன்னியம்மன், செல்லியம்மன் என்று இப்போது பெயர் மாறியிருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் பழைய பெயரைக் கேட்டு ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயரை மறந்துவிடாதீர்கள். ஆவணி இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்